ஏர் கிளீனரில் ஆயில்: பழைய ஜீப் வைத்திருப்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: அண்ணா, என்னுடையது 1998 செரோக்கி, 4.0 லிட்டர் ஆறு சிலிண்டர். ஏர் ஃபில்டரின் ஒரு மூலை ஆயிலில் ஊறிக் கிடக்கிறது. பிஸ்டன் ரிங் போய்விட்டது, இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். பிரித்துவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம் தம்பி. டேப்பெட் கவரிலிருந்து (இன்ஜின் தலைமேல் இருக்கும் மூடி) வரும் குழாய் ஏர் கிளீனருக்குள் நுழையும் இடத்தில்தானே நனைந்திருக்கிறது? இந்த இன்ஜினின் டேப்பெட் கவரில் இரண்டு குழாய்கள் உண்டு. முன்பக்கக் குழாய் வடிகட்டிய காற்றை உள்ளே விடும். பின்பக்கக் குழாய், சிலிண்டர்களுக்குக் காற்று கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும். அங்குள்ள வேக்குவம், ரிங்கைத் தாண்டி இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸில் சேரும் வாயுவை இழுத்துக்கொள்ளும். பின்பக்க ஃபிட்டிங்கில் ஸ்பிரிங் வால்வு எதுவும் கிடையாது, ஒரு சின்ன ஓட்டை மட்டும்தான். அது கரியால் அடைத்துக்கொண்டால் வாயு முன்பக்கக் குழாய் வழியாகத் திரும்பி வரும். வரும்போது ஆயிலையும் அள்ளிக்கொண்டு வந்து ஃபில்டரில் கொட்டும்.

அந்தப் பின்பக்க ஃபிட்டிங்கை, அதாவது வளைந்த எல்போவைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பழைய பிளாஸ்டிக், லேசாகத் திருகினாலே பொட்டென்று உடையும். புதிது ஒன்று கையில் இருக்கட்டும். கார்பரேட்டர் கிளீனர் அடித்துக் கரியை ஊறவைத்து எடுங்கள். டிரில் விட்டு ஓட்டையைப் பெரிதாக்கக் கூடாது.

அப்புறம் வண்டியை ஐடிலில் ஓடவிட்டு, முன்பக்கக் குழாயை ஏர் கிளீனரிலிருந்து உருவி, அதன் வாயில் மெல்லிய தாளை வையுங்கள். தாள் ஒட்டிக்கொண்டால் நல்லது. படபடவென்று தள்ளினால்தான் ரிங் மேல் சந்தேகம். அப்போது த்ராட்டிலை முழுசாகத் திறந்து கம்பிரஷன் (சிலிண்டரின் அழுத்தம்) பாருங்கள். குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட்.

கேள்வி: சார், ப்ரீதர் குழாயில் (டேப்பெட் கவரிலிருந்து ஏர் கிளீனருக்கு வரும் குழாய்) போல்ட் வைத்து அடைத்துவிட்டேன். ஃபில்டர் காய்ந்துவிட்டது. இப்படியே ஓட்டலாமா?

பதில்: இன்றைக்கே எடுத்துவிடுங்கள். உள்ளே சேரும் அழுத்தம் ஆயில் சீல்களைத் தள்ளும். கிராங்கின் பின்பக்க சீல் கசிந்தால் பல வண்டிகளில் கியர்பாக்ஸை இறக்கித்தான் மாற்ற முடியும்.

கேள்வி: ஃபில்டரை மாற்றினேன், இரண்டே வாரத்தில் மறுபடி ஆயில். எந்த ஃபில்டர் நல்லது?

பதில்: கோளாறு ஃபில்டரில் இல்லை. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: டர்போ டீசல். டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் நடுவில் உள்ள ஹோஸில் ஆயில்.

பதில்: ப்ரீதர் குழாய் டர்போவுக்கு முன்னால் சேர்கிற வண்டிகளில் உள்ளே மெல்லிய படலம் இருக்கும், பயப்பட வேண்டாம். குட்டையாகத் தேங்கினால் ஷாஃப்ட் ஆட்டத்தையும் டர்போவின் ஆயில் ரிட்டர்ன் குழாய் அடைத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். தள்ளிப்போடாதீர்கள். டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே குடித்துத் தானாக வேகமெடுத்தால் சாவியைத் திருப்பினாலும் நிற்காது.

கேள்வி: பிசிவி (கிராங்க் கேஸ் வாயுவை இன்ஜினுக்கே திருப்பி இழுக்கும் ஏற்பாடு) என்பதே புகைக் கட்டுப்பாட்டுக்காக வந்த தொல்லை. அந்தக் கால ஜீப்பில் இதெல்லாம் ஏது? இரண்டு குழாயையும் கழற்றித் திறந்து விட்டால் முடிந்தது.

பதில்: இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் எம்பி ஜீப்பிலேயே கிராங்க் கேஸ் வென்டிலேஷன் வால்வு இருந்தது. கலிஃபோர்னியா கார்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது 1960களின் தொடக்கத்தில்தான். ரிங்கைத் தாண்டி வரும் வாயுவில் நீராவியும் எரியாத பெட்ரோலும் அமிலமும் கலந்திருக்கின்றன. அவற்றை வெளியே இழுக்காவிட்டால் ஆயில் சகதியாகிவிடும்.

கேள்வி: நான்தான் மறுபடியும். பந்தய வண்டிகளில் திறந்துதானே விடுகிறார்கள்?

பதில்: பந்தய இன்ஜினை அடிக்கடி பிரித்துப் பார்த்துச் சேர்க்கிறார்கள். நீங்கள் ஓட்டுவது புழுதியில், ஓடையில். சூடான இன்ஜின் தண்ணீரில் இறங்கிக் குளிரும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கும், திறந்த குழாய் வழியாக வெளிக்காற்றை உறிஞ்சும். குழாய் முனை தண்ணீரில் இருந்தால் தண்ணீரையே உறிஞ்சும். டிப் ஸ்டிக்கைத் துடைக்கும்போது ஆயில் பால்காப்பி நிறத்தில் வருவதைப் பார்த்தவர் யாரும் குழாயைத் திறந்து விடமாட்டார்.

கேள்வி: அப்படியானால் குழாயில் வரும் ஆயிலைப் பிடித்து வைக்கும் கேட்ச் கேன்?

பதில்: வைக்கலாம், அளந்து பார்ப்பதற்கு. எத்தனை கிலோமீட்டரில் எவ்வளவு ஆயில் சேர்கிறது என்று குறித்து வாருங்கள். கூடிக்கொண்டே போனால் நோய் வளர்கிறது. கேனைக் காலி செய்வதை வைத்தியம் என்று நினைக்காதீர்கள்.

கேள்வி: ஃபில்டரில் ஆயில், எந்த பிராண்ட் ஃபில்டர் வாங்கலாம்?

பதில்: மேலே இரண்டு முறை சொல்லியாகிவிட்டது.

கேள்வி: ஆயில் பாத் ஏர் கிளீனர் (கிண்ணத்து ஆயிலில் புழுதி படியும் வகை) உள்ள பழைய ஜீப். மேட்டில் ஏறி வந்தால் கார்பரேட்டர் வாயில் ஆயில்.

பதில்: கிண்ணத்தில் உள்ள கோட்டுக்கு மேல் ஊற்றியிருப்பீர்கள். கோடு வரைதான்.

கேள்வி: டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு தானாக ஏறுகிறது, பெட்ரோல் வாடை. கார்பரேட்டர் வண்டி.

பதில்: ஸ்டார்ட் செய்யாதீர்கள். மெக்கானிக்கல் ஃப்யூல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் கிராங்க் கேஸில் இறங்குகிறது என்றுதான் தோன்றுகிறது. பம்பை மாற்றி, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றியபின் ஸ்டார்ட் செய்யுங்கள்.

கேள்வி: அண்ணா, 1998 செரோக்கி நான்தான். எல்போ ஓட்டையில் ஊசிகூட நுழையவில்லை. சுத்தம் செய்தபின் தாள் ஒட்டிக்கொள்கிறது!

பதில்: மகிழ்ச்சி தம்பி. ஏர் கிளீனர் டப்பாவையும் குழாயையும் துடைத்துக் காயவைத்து, புது ஃபில்டர் போடுங்கள். 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி திறந்து பாருங்கள்.