கல்லிலும் ஓவியத்திலும் மாடுகள்: கேள்வி பதில்

கேள்வி (அடையாறு): சார், மாமல்லபுரம் கிருஷ்ண மண்டபத்தில் மலையைத் தூக்கும் கிருஷ்ணரைவிடப் பால் கறப்பவரைத்தான் எல்லாரும் படம் எடுக்கிறார்கள். அப்படி என்ன விசேஷம்?

பதில்: எடுக்கட்டும், எனக்கும் அவரைத்தான் பிடிக்கும். 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி தொழுவத்தை நன்றாகவே பார்த்திருக்கிறார். ஆயர் குந்தி உட்கார்ந்து கறக்கிறார். பசு கன்றை நக்கிக்கொண்டே நிற்கிறது. கன்று பக்கத்தில் இருந்தால் மாடு சீக்கிரம் சுரக்கும். மிரண்டால் பாலை அடக்கிக்கொள்ளும். கதைப்படி வெளியே இந்திரன் ஏவிய மழை கொட்டுகிறது. மலைக்கடியில் இந்த மாடு நிம்மதியாக மடி விடுகிறது. காத்தவனின் பெருமையைச் சொல்ல அது போதாதா? முன்னால் இருக்கும் தூண் மண்டபம் விஜயநகர காலத்தில் கட்டியது. அதை மனதிலிருந்து எடுத்துவிட்டுத் திறந்த பாறையாக நினைத்துப் பாருங்கள்.

கேள்வி (பெரம்பூர்): அப்போ நந்தி என்றால் தர்மம், பசு என்றால் லட்சுமி என்று எழுதி வைத்துக்கொள்ளலாமா?

பதில்: பரீட்சைக்கு எழுதலாம். தஞ்சாவூர் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனர் இருக்கிறார், காளைமேல் கை சாய்த்து நிற்கும் சிவன், 1011ஆம் ஆண்டுச் செப்புத் திருமேனி. காளை இப்போது இல்லை. ஆனால் சாய்த்து வைத்த கையைப் பார்த்தாலே அதன் உயரமும் தெரியும், இருவருக்குமான நெருக்கமும் தெரியும். அகராதியில் இதைத் தேட முடியாது.

கேள்வி (தாம்பரம்): நடுகல்லில் எதற்கு மாடு?

பதில்: அங்கே மாடுதான் சொத்து, சண்டையும் அதற்காகத்தான். கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழி என்ற பழைய தமிழ் எழுத்து நடுகல்லே 'ஆகோள்', அதாவது மாடு கவர்தல், என்றுதான் பேசுகிறது. செங்கம் பக்கத்துக் கற்களில் வீரன் பெரிதாக நிற்பான், மாடுகள் ஓரமாகச் சின்னதாக இருக்கும். அவனுக்கு எடுத்த கல், அதனால் அப்படி.

கேள்வி (அண்ணா நகர்): ஐரோப்பாவிலும் இதே கதையா?

பதில்: இல்லை. டச்சு ஓவியர் பவுலுஸ் பாட்டர் 1647இல் வரைந்த 'காளை' தி ஹேக் நகரில் இருக்கிறது. அதில் சாமியும் இல்லை, வீரனும் இல்லை. அரசர்களுக்கு ஒதுக்கும் அளவுக் கித்தானில் ஆளுயரக் காளை, அதைச் சுற்றி ஈ. பாலும் வெண்ணெயும் விற்றுச் செழித்த நாட்டின் பெருமிதம் அது என்று பலர் சொல்வார்கள். எனக்கு அந்த ஈக்களே போதும்.

கேள்வி (மயிலாப்பூர்): ராஜஸ்தான் நாத்துவாராவின் பிச்வாய்த் துணி ஓவியங்களில் பசுவின் உடம்பில் கை அச்சு ஏன்?

பதில்: கோபாஷ்டமி என்ற பசுப் பண்டிகைக்கு மாடுகளை அலங்கரிப்பார்கள், அந்த அலங்காரத்தில் ஒன்று. மாட்டுப் பொங்கலுக்கு நாம் கொம்புக்கு வர்ணம் அடிக்கிற மாதிரிதான்.