முட்டை ஓட்டை விட்டு வெளிவர முடியாத குஞ்சுகள்: கேள்வி பதில்

நாட்டுக்கோழியை அடை வைப்பவர்களும், வீட்டில் சின்ன இன்குபேட்டர் வைத்திருப்பவர்களும் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை. பாதியில் நின்றுபோன குஞ்சை என்ன செய்வது என்பதுதான் பெரும்பாலோரின் கவலை.

கேள்வி: அக்கா, 21 நாள் முடிஞ்சுது. பாதி முட்டைதான் பொரிச்சிருக்கு. மீதியைத் தூக்கிப் போட்டுடலாமா?

இப்போது வேண்டாம் தம்பி. சூடு கொஞ்சம் குறைந்திருந்தாலே ஒரு நாள், ஒன்றரை நாள் தள்ளிப்போகும். 23ஆம் நாள் முடியும்வரை விடுங்கள். அப்புறம் இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். முழுக்க வெளிச்சம் ஊடுருவினால் அது கூமுட்டை. உள்ளே இருட்டாக இருந்தால் அகன்ற முனையில் உள்ள காற்றறையைக் கவனியுங்கள். அங்கே அலகின் நிழல் அசைந்தாலோ, காதருகே வைத்தால் டிக் டிக் என்று கேட்டாலோ உயிர் இருக்கிறது. வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு ஆடுகிறதா என்று பார்ப்பார்கள். ஓட்டில் ஒரு கீறல் இருந்தாலும் அதைச் செய்யாதீர்கள், உள்ளே நீர் புகுந்து குஞ்சு மூழ்கிவிடும்.

கேள்வி: காலையில் ஓட்டில் பொத்தல் போட்டது. சாயங்காலம் ஆகியும் கத்திக்கொண்டே இருக்கிறது. பிள்ளைகள் அழுகிறார்கள். உரித்து விடலாமா மேடம்?

உரிக்கவே வேண்டாம். குஞ்சு முதலில் காற்றறைக்குள் அலகை நுழைத்து நுரையீரலால் மூச்சுவிடத் தொடங்கும். பிறகுதான் ஓட்டைக் குத்தும். குத்தியதும் பல மணி நேரம் அசையாமல் கிடக்கும். அது சோர்வு இல்லை. சவ்வில் ஓடும் ரத்தம் உடம்புக்குள் திரும்ப வேண்டும், மிச்சமிருக்கும் மஞ்சள் கரு தொப்புள் வழியாக வயிற்றுக்குள் போக வேண்டும். இதற்கு 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். அவசரப்பட்டு உரித்தால் ரத்தம் கொட்டிச் செத்துப்போகும். நல்ல மனசோடு செய்கிற உதவியில்தான் அதிகக் குஞ்சுகள் இப்படிச் சாகின்றன, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். கத்துகிறது என்றால் மூச்சுவிடுகிறது என்று பொருள். பிள்ளைகளிடம் அதையே சொல்லுங்கள். இன்குபேட்டர் மூடியை மட்டும் திறந்து திறந்து பார்க்காதீர்கள், ஈரப்பதம் போய்ச் சவ்வு காய்ந்துவிடும்.

கேள்வி: எனக்கு ஒரு நாளுக்கு மேலேயே ஆகிவிட்டது. பொத்தலைச் சுற்றிச் சவ்வு பழுப்பாகக் காய்ந்து ஒட்டியிருக்கிறது.

இது உதவ வேண்டிய நிலை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்துப் பிழிந்து சவ்வைத் தொட்டுத் தொட்டு ஈரமாக்குங்கள். மூக்குத் துளைகளில் ஒரு சொட்டும் இறங்கக் கூடாது. காற்றறைப் பக்கத்து ஓட்டை மட்டும் அரிசி அளவு துணுக்குகளாக எடுங்கள். ஈரம் பட்டதும் சவ்வு கண்ணாடி போலத் தெளியும். அதில் சிவப்பு ரத்தக்குழாய் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அலகை வெளியே விட்டு, ஈர டிஷ்யூ சுற்றி, திரும்ப உள்ளே வையுங்கள். நாலைந்து மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். ரத்தக்குழாய் வெளுத்திருந்தால் இன்னும் கொஞ்சம் எடுக்கலாம். தலையும் தோளும் விடுபட்டால் போதும், பின்பாதி ஓட்டைக் குஞ்சே உதைத்துத் தள்ளட்டும்.

கேள்வி: வெளியே வந்துவிட்டது, ஆனால் தொப்புளில் மஞ்சளாக ஒன்று தொங்குகிறது. வெட்டலாமா?

அது இன்னும் வயிற்றுக்குள் போகாத மஞ்சள் கருப் பை. வெட்டவோ இழுக்கவோ கூடாது. சின்னக் கிண்ணத்தில் ஈர டிஷ்யூ விரித்து, குஞ்சை அதில் உட்காரவைத்து, இன்குபேட்டரிலேயே வையுங்கள். மற்றக் குஞ்சுகள் கொத்திவிடும், அதனால் தனியாக இருக்கட்டும். சிறிதாக இருந்தால் பெரும்பாலும் உள்ளே இழுத்துக்கொள்ளும். பை கிழிந்திருந்தாலோ, குடல் வெளியே வந்திருந்தாலோ பிழைக்காது.

கேள்வி: கால் இரண்டும் அகட்டிக்கொண்டு நிற்கவே முடியவில்லை. கொன்றுவிடு என்கிறார்கள்.

கொல்ல வேண்டாம் ஐயா. வழுக்கும் தாளில் விட்டதாலும் இப்படி ஆகும். சொரசொரப்பான துணியில் விடுங்கள். இரண்டு காலையும் இயல்பான இடைவெளியில் மெல்லிய பிளாஸ்டர் துண்டால் இணைத்துவிடுங்கள். முதல் நாளிலேயே செய்தால் சில நாட்களில் நேராக நடக்கும்.

கேள்வி: குடல் வெளியே வந்த குஞ்சு ஒன்று துடித்துக்கொண்டு இருக்கிறது. மாமனார் வாளித் தண்ணீரில் போடச் சொல்கிறார். எனக்கு மனசு வரவில்லை அக்கா.

உங்கள் மனசு சொல்வதுதான் சரி. மூழ்கடிப்பது ஏற்கத்தக்க முறையே இல்லை. உயிரோடு ஃப்ரீசரில் வைப்பதும், குப்பையில் வீசுவதும், நாய்க்குப் போடுவதும் அப்படித்தான். மாமனாரிடம் கோபப்படாமல் எடுத்துச் சொல்லுங்கள், ஊரில் அப்படித்தான் பழகியிருக்கிறார்கள்.

பழகிய கை கழுத்தெலும்பைத் தலையிலிருந்து ஒரே இழுப்பில் விலக்கினால் நினைவு சட்டென்று போய்விடும். அதன்பின் சிறகும் காலும் சற்று நேரம் உதறும், அது உணர்வில்லாத அசைவு. தெரியாதவர்கள் தயங்கித் தயங்கிச் செய்தால் குஞ்சுக்கு வேதனைதான் மிச்சம். பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள், அல்லது பழகிய கோழிக்காரரை உடனே கூப்பிடுங்கள். அதுவரை குஞ்சைத் துணியில் சுற்றி இருட்டான, சூடான இடத்தில் வையுங்கள். இதயத் துடிப்பு நின்றதை விரலால் தொட்டு உறுதிசெய்த பிறகே புதையுங்கள். "தானாகச் சாகட்டும்" என்று ஒரு மூலையில் விட்டுவிடுவதைத்தான் என்னால் ஏற்கவே முடியாது. அது சாக ஒரு நாள்கூட ஆகலாம்.

கேள்வி: கரண்ட் போய் பத்தாம் நாளில் முட்டைகளை நிறுத்தவேண்டி வந்தது. உள்ளே இருப்பதற்கு வலிக்குமா?

பத்தாம் நாளில் வலியை உணரும் அளவுக்கு மூளை வளர்ந்திருக்காது. ஜெர்மனியில், முட்டையிடாது என்று ஆண் குஞ்சுகளைக் கொல்வதை 2022இல் தடைசெய்தார்கள். பிறகு முட்டைக்குள் இருக்கும் கருவை அழிப்பதற்கும் வரம்பு வைத்தபோது, 13ஆம் நாளிலிருந்து கூடாது என்றார்கள். பத்தாம் நாள் முட்டை என்றால் ஓர் இரவு முழுக்க ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் புதைக்கலாம். ஆனால் 17ஆம் நாளைத் தாண்டிய முட்டையைப் பிறந்த குஞ்சாகவே நினைத்து நடந்துகொள்ள வேண்டும். அதற்கு ஃப்ரீசர் ஆகாது.

கேள்வி: அடையில் இரும்புத் துண்டும் கரியும் மிளகாயும் வைத்தேன். ஆனாலும் இடி இடித்ததில் முட்டை கெட்டுவிட்டது.

இடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை அண்ணே. அடை வைக்கும் முட்டை ஒரு வாரத்துக்கு மேல் பழசா, ஒரே கோழிக்கடியில் அளவுக்கு மீறி வைத்தீர்களா என்று பாருங்கள்.

கேள்வி: ஒவ்வொரு தடவையும் கடைசி மூன்று நாளில்தான் சாகிறது. ஏன்?

பெரும்பாலும் ஈரப்பதம்தான். விசிறி உள்ள இன்குபேட்டரில் சூடு 37.5 டிகிரி செல்சியஸ். ஈரப்பதம் 18ஆம் நாள்வரை 45 முதல் 55 சதவீதம், அதன்பின் 65 முதல் 70. முதலிலேயே தண்ணீரை அதிகம் ஊற்றினால் காற்றறை சிறுத்துக் குஞ்சுக்கு மூச்சுவிட இடமிருக்காது. முட்டையைத் தராசில் எடை போட்டுப் பாருங்கள். 18 நாளில் 11 முதல் 13 சதவீதம் குறைந்திருக்க வேண்டும். 18ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்திவிடுங்கள். பொரிக்காமல் செத்த முட்டைகளை வீட்டுக்குள் உடைக்காதீர்கள், அழுகியது வெடித்துச் சிதறும். நாய் தோண்டாத ஆழத்தில் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவி மூடுங்கள். அடுத்த முட்டைகளை வைப்பதற்கு முன் இன்குபேட்டரைக் கழுவி வெயிலில் காயவையுங்கள்.