நாயைக் காணோம், கூண்டு மட்டும் இருக்கிறது

கேள்வி: அக்காவும் நானும் 'தி பிரேடி பன்ச்' என்ற பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை (மூன்று மகன்களோடு மைக்கும் மூன்று மகள்களோடு கேரலும் கல்யாணம் செய்துகொண்டு ஒரே குடும்பமாகும் கதை) முதலிலிருந்து பார்க்கிறோம். டைகர் என்ற நாய் திடீரென்று காணாமல் போகிறது. கூண்டு மட்டும் கொல்லைப்புறத்தில் அப்படியே நிற்கிறது. ஏன்?

பதில்: என் மகன் ஏழு வயதில் இதைத்தான் முதலில் கேட்டான். டைகராக நடித்த நாய் முதல் சீசன் படப்பிடிப்பு நடந்த சமயத்திலேயே வண்டியில் அடிபட்டு இறந்துவிட்டது. அதே சாயலில் வேறு நாய் கொண்டுவந்தார்கள். அது சொன்னபடி கேட்கவில்லை. அதனால் டைகர் வரும் காட்சிகளே மெல்ல மெல்ல இல்லாமல் போயின.

கூண்டு நின்றதற்கு வேறு காரணம். அந்தத் தோட்டம் ஸ்டூடியோவுக்குள் போட்ட செட். தரையில் இருந்தது செயற்கைப் புல். மேலேயிருந்து ஒரு விளக்கு விழுந்து புல் பொசுங்கி ஓட்டையாகிவிட்டது. அதை மறைக்கக் கூண்டை அங்கே வைத்துவிட்டார்கள். ஓட்டையை மறைத்தது சரி. ஆனால் ஆறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒரு பிள்ளைகூட "டைகர் எங்கே?" என்று கேட்காதது எனக்கு இன்றும் உறுத்தல். முதல் எபிசோடில் கல்யாணத்தையே தலைகீழாக்கிய பூனை ஃப்ளஃபியும் அதோடு சரி, யாரும் அதைத் தேடவில்லை.

கேள்வி: மைக் பிரேடி கட்டடக் கலைஞர். அவர் வரைந்து கட்டிய வீட்டில் பிள்ளைகளின் குளியலறையில் கழிப்பறையே இல்லையே?

பதில்: அன்றைய அமெரிக்கத் தொலைக்காட்சிக்குக் கூச்சம் அதிகம். 1957-இல் 'லீவ் இட் டு பீவர்' தொடரில் கழிப்பறையின் தண்ணீர்த் தொட்டியை மட்டும் காட்டியதே பெரிய விஷயமாகப் பேசப்பட்டது.

கேள்வி: கடைசி எபிசோடில் மைக்கின் மூத்த மகன் க்ரெக் பள்ளிப் படிப்பு முடித்துப் பட்டம் வாங்குகிறான். அப்பா ஏன் வரவில்லை?

பதில்: மைக்காக நடித்த ராபர்ட் ரீட், தைலம் தேய்த்து க்ரெக்கின் முடி ஆரஞ்சு நிறமாகும் கதையை ஏற்கவில்லை, நடிக்க மறுத்துவிட்டார். வெளியூர் போயிருப்பதாக ஒரு வசனம் வைத்துச் சமாளித்தார்கள். மகனின் மேடையில் அப்பா இல்லாமல் போனது எனக்கு வருத்தம்தான்.

கேள்வி: கேரலின் முதல் கணவருக்கு என்ன ஆயிற்று?

பதில்: 117 எபிசோடுகளில் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. தொடரை உருவாக்கிய ஷெர்வுட் ஷ்வார்ட்ஸ், கேரலை விவாகரத்தானவராகக் காட்ட நினைத்தார். 1969-இல் குடும்பத் தொடரின் நாயகி விவாகரத்தானவர் என்பதைத் தொலைக்காட்சி நிறுவனம் விரும்பவில்லை. ஷ்வார்ட்ஸும் கணவர் இறந்துவிட்டதாக எழுத விரும்பாமல், எதுவுமே சொல்லாமல் விட்டுவிட்டார்.

முதல் எபிசோடை மறுபடி பாருங்கள். புது அம்மா மனம் நோகுமோ என்று மைக்கின் கடைசி மகன் பாபி, இறந்துபோன தன் அம்மாவின் படத்தை எடுத்து மறைத்துவைக்கிறான். அதை மறைக்க வேண்டாம் என்று பெரியவர்கள் அவனுக்குச் சொல்கிறார்கள். எவ்வளவு நல்ல காட்சி! அந்த ஆறுதல் மூன்று பெண்களுக்குக் கிடைக்கவேயில்லை. மூத்தவள் மார்ஷாவுக்கு அப்பாவின் முகம் நன்றாக நினைவிருக்கும் வயது. ஒருநாள் இரவு அவள் அம்மாவிடம் அவரைப் பற்றிக் கேட்பதாக ஒரு காட்சி எழுதியிருக்கலாம். கேரலாக நடித்த ஃப்ளாரன்ஸ் ஹெண்டர்சன் அதை அருமையாகச் செய்திருப்பார்.