அடியில் துளிர்த்தால் சந்தோஷப்படாதீர்கள்

கேள்வி: வீட்டின் பின்புறம் பத்துக்குப் பத்தடி இடம் இருக்கிறது. வண்டியில் வந்தவரிடம் ‘அல்போன்சா ஒட்டுக்கன்று’ என்று ஒரு மாங்கன்று வாங்கி நட்டோம். மேலே இலை காய்ந்துவிட்டது. அடியில் இரண்டு கிளை தளதளவென்று வருகிறது. பிழைத்துக்கொண்டதா? வேறு வைப்பதானால் எந்த ரகம் நல்லது?

பதில்: செடி பிழைத்திருக்கிறது, அல்போன்சா பிழைத்ததா என்பதுதான் சந்தேகம். ஒட்டுக்கன்றின் அடிப்பாகம் ஏதோ ஒரு மாங்கொட்டையில் முளைத்தது. அதன் தலையை வெட்டி, நல்ல ரகத்தின் குச்சியை ஆப்புப்போல் சீவிச் செருகியிருப்பார்கள். அந்தத் தழும்புக்குக் கீழே வருவதெல்லாம் கொட்டைச் செடியின் துளிர். மேல்குச்சியை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் கீழ்த்துளிரை இன்றே கிள்ளிவிடுங்கள்.

நுனிமுதல் ஒட்டுவரை பழுப்பாக இருந்தால் மட்டும் கிள்ள வேண்டாம். நேராக வரும் ஒன்றை விட்டுவைத்து, பென்சில் கனம் ஆனதும் மழைக்காலத்தில் ஒட்டுக் கட்டத் தெரிந்தவரைக் கூப்பிட்டு அதிலேயே நல்ல ரகத்தைக் கட்டுங்கள். வேர் மண்ணைப் பிடித்துவிட்டதால் சீக்கிரம் எழும்பும். குச்சி எடுக்கப்போகும் கிளையில் ஒரு வாரம், பத்து நாள் முன்பே காம்பை விட்டுவிட்டு இலைகளை நறுக்கிவிட வேண்டும். நுனிமொட்டு புடைத்து நிற்கும்போது வெட்டிய குச்சிதான் ஒட்டும். தெரிந்தவர் வீட்டில் நல்ல மரம் இருந்தால் குச்சிக்குக் காசும் வேண்டாம்.

வண்டிக்காரர்களிடம் வாங்காதீர்கள் என்று எத்தனை தடவை எழுதுவது! கொட்டைக் கன்றில் பிளாஸ்டிக் நாடாவைச் சுற்றி ஒட்டு என்று விற்கிறார்கள். நாடாவுக்கு அடியில் சீவிய தழும்பு இருக்கிறதா, மேலும் கீழும் பட்டை மாறுகிறதா என்று பாருங்கள். இப்போது ‘மியாசாகி’ மாங்கன்று என்று வேறு விற்கிறார்கள். ஜப்பானில் அந்தப் பெயரில் விற்பது ப்ளோரிடாவில் பிறந்த இர்வின் ரகம். பசுமைக்குடிலில் வளர்த்து, 350 கிராம் எடையும் 15 டிகிரி இனிப்பும் (பிரிக்ஸ் என்ற சர்க்கரை அளவு) தேறிய பழத்துக்குத்தான் பேப்பரில் வரும் அந்த விலை. கன்றுக்கு ஆயிரக்கணக்கில் கொட்டிவிட்டு வராதீர்கள்.

அரசு தோட்டக்கலைப் பண்ணைக் கன்றை நம்பலாம், விலையும் குறைவு. ஆனால் திட்டம், இலக்கு என்று லாரி லாரியாகப் போகும். இரண்டு கன்று கேட்டுப் போனவருக்கு ‘ஸ்டாக் இல்லை, அடுத்த மாசம் வாங்க’. விடாமல் போய்க் கேளுங்கள்.

உங்கள் இடத்துக்கு ஆம்ரபாலி. தசேரி, நீலம் என்ற இரண்டு மா ரகங்களை இணைத்து டெல்லியில் உருவாக்கிய குட்டை ரகம்; 2.5 மீட்டர் இடைவெளியிலேயே நடுகிறார்கள், வருடாவருடம் காய்க்கும். அல்போன்சா ஒரு வருடம் காய்த்தால் மறுவருடம் ஏமாற்றும், இடமும் அதிகம் கேட்கும்.

நடும்போது பையைக் கிழித்து, மண்கட்டி உடையாமல் இறக்குங்கள். ஒட்டுத் தழும்பு தரைக்கு அரையடி மேலே நிற்கட்டும். உங்களுடையது புதைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். குச்சி ஊன்றிக் கட்டுங்கள். ஒட்டு நன்றாகப் பிடித்ததும் நாடாவை அறுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தண்டை இறுக்கும். முதல் மூன்று வருடம் வரும் பூவை, வீட்டில் யார் என்ன சொன்னாலும், கிள்ளிவிடுங்கள்.