நாடகத்தை எப்படிப் படிப்பது? கேள்விகளும் பதில்களும்

பாலக்கோட்டுப் பக்கம் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மகாபாரதக் கதையைப் பல இரவுகள் ஆடும் பாரதக் கூத்தைச் சிறு வயதிலிருந்து பார்த்து வருகிறேன். நாடகத்தில் உள்ள உத்திகள், மொழிநடை பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலிருந்தும் கேள்விகள் வந்தன. பதில்கள் கீழே.

அரூர், கல்லூரி மாணவி: அய்யா, தேர்வில் ஒரு நாடகப் பகுதியைக் கொடுத்து உத்திகளை விளக்கச் சொன்னார்கள். தனிமொழி, முரண், உவமை, மேடைக் குறிப்பு என்று எல்லாவற்றையும் எழுதினேன். பாதி மதிப்பெண்தான் வந்தது. என்ன தப்பு?

பெயர் சொல்லிவிட்டு நின்றுவிட்டாய், கண்ணு. நோயின் பெயரை மட்டும் சொல்லி அனுப்பும் வைத்தியரிடம் யார் போவார்கள்? அந்த உத்தி அந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது என்று எழுதினால்தான் அது ஆய்வு.

அதற்கு நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்த வழி இதுதான். ஒவ்வொரு பேச்சுக்கும் மூன்று கேள்வி கேள். யார் பேசுகிறார்? யார் காதில் விழுகிறது? யார் காதில் விழவில்லை? கதையும் கவிதையும் படிக்கும்போது மூன்றாவது கேள்வி அவ்வளவாக வராது. நாடகத்துக்கு அதுதான் உயிர்.

மனோன்மணீயத்தை எடுத்துக்கொள். 1891-ல் சுந்தரம் பிள்ளை வெளியிட்ட நாடகம். அமைச்சன் குடிலன் அரசன் சீவகன் முன்னால் ஒரு மாதிரி பேசுவான், தனியாக நிற்கும்போது வேறு மாதிரி பேசுவான். அந்தத் தனிமொழி நம் காதில் விழுகிறது, சீவகன் காதில் விழவில்லை. அதன் பிறகு சீவகன் குடிலனைப் புகழ்கிற ஒவ்வொரு வரியும் நமக்கு வேறு பொருள் தருகிறது. பாராட்டு பயமாக மாறுகிறது. குடிலனின் சொற்கள் நம்மை அவனுக்கு உடந்தையாக்குகின்றன. தெரிந்தும் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருக்கிறோம். இவ்வளவும் எழுதினால் 'தனிமொழி' என்ற சொல் விடைத்தாளில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

மெய்ப்பாடு, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சி, பற்றி எழுதுகிறவர்களுக்கும் இதேதான். தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லிவிட்டு விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணம் கொடுக்கிறார். வெகுளிக்கு, அதாவது சினத்துக்கு, உறுப்பறை (உறுப்பை அறுத்தல்), குடிகோள் (குடிக்குக் கேடு செய்தல்), அலை (அடித்து வருத்துதல்), கொலை. திரௌபதி சபையில் சினந்தாள், ஆகவே வெகுளி என்று எழுதிவிட்டுப் போகக் கூடாது. எந்த வகை வெகுளி? தன் உடம்பின் மேல் கைவைத்து அலைத்ததாலா, தன் குடிக்கு நேர்ந்ததாலா? சபையில் அவள் பேச்சு எந்தச் சொல்லில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் திரும்புகிறது? அந்தச் சொல்லைக் கண்டுபிடித்து எழுது.

தருமபுரி, பதினொன்றாம் வகுப்பு மாணவர்: நாடக முரண் என்றால் என்ன சார்?

மேடையில் இருப்பவருக்குத் தெரியாதது பார்ப்பவருக்குத் தெரிந்திருப்பது. கர்ண மோட்சக் கூத்தில் போருக்குப் போகும் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடை கேட்க வருகிறான். அவள் அவன் பிறப்பைச் சொல்லி இகழ்கிறாள். அவன் குந்தி பெற்ற பிள்ளை என்பது அவளுக்குத் தெரியாது. கீழே பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் ஊருக்கே தெரியும். அவள் சொல்லும் ஒவ்வொரு வசவும் அவன் மேல் படும்போது நமக்கும் வலிக்கிறது. அதுதான்.

ஊத்தங்கரை, ஆசிரியர்: இதை ஏற்க முடியாது அய்யா. பாரதக் கதை எல்லாருக்கும் தெரியும். கதை தெரியாத கூட்டத்துக்கு நாடகாசிரியர் ஒன்றைக் காட்டி, பாத்திரத்திடமிருந்து அதை மறைத்தால்தான் அது உத்தி. இங்கே யாரும் எதையும் மறைக்கவில்லை. மேல்நாட்டுச் சொல்லைக் கொண்டுவந்து கூத்தின் மேல் ஒட்டுகிறோம்.

நல்ல கேள்வி. ஆனால் மேல்நாட்டிலும் அப்படி இல்லை. சோபோக்கிளிசின் ஈடிபஸ் நாடகத்தைப் பார்க்க வந்த ஏதென்சுக்காரர்களுக்கு அந்தப் பழங்கதை முன்பே தெரியும். பழைய அரசனைக் கொன்றவனை ஈடிபஸ் சபிக்கிறான். கொன்றவன் தான்தான் என்று அறியாமல் சபிக்கிறான். கூட்டத்துக்குத் தெரிந்ததால்தான் அந்தச் சாபம் நடுங்க வைக்கிறது. அடுத்து என்ன நடக்குமோ என்ற தவிப்பு வேறு, நடக்கப்போவது தெரிந்து அதை நோக்கி ஒருவன் நடப்பதைப் பார்க்கிற தவிப்பு வேறு. இரண்டாவதைத்தான் நாடக முரண் என்கிறோம். கூத்தைப் போல அதற்கு ஏற்ற இடம் வேறு இல்லை.

அதே ஆசிரியர்: சரி, கர்ணனை விடுங்கள். பாரதம் முடியும் நாளில் நடக்கும் துரியோதனன் படுகளத்துக்கு என்ன சொல்வீர்கள்? விடிந்த பிறகு மண்ணில் பெரிதாக உருவம் செய்து கிடத்தியிருக்கிறார்கள். பீமன் வேஷக்காரர் அதன் தொடையில் அடிக்கிறார். திரௌபதி கூந்தல் முடிகிறாள். பெண்கள் கும்பிடுகிறார்கள், சிலருக்கு அருள் வருகிறது. அங்கே பார்ப்பவர் யார், ஆடுபவர் யார்? உத்தி என்று எதைச் சொல்வீர்கள்?

இந்த இடத்தில் உங்கள் பக்கம் வருகிறேன். படுகளத்தில் பார்ப்பவர் என்று தனியாக யாரும் இல்லை. விரதம் இருந்து வந்தவர்களுக்கு அது வேண்டுதல். அங்கே நின்று நாடக முரண், உச்சக்கட்டம் என்று எழுதுவது தப்பு என்றே நினைக்கிறேன். முந்தைய இரவுகளில் ஆடும் கூத்தை நாடகமாகப் படிக்கலாம். படுகளத்தைச் சடங்காகத்தான் படிக்க வேண்டும். ஆனால் ஒன்று. பல இரவுகளாக அவிழ்ந்து கிடந்த கூந்தலைக் கூட்டம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. அது முடியப்படும்போது வரும் அழுகைக்கு அந்த இரவுகள்தான் காரணம். நாடகம் சேர்த்து வைத்ததைச் சடங்கு செலவழிக்கிறது.

பென்னாகரம் பக்கம், கூத்துக் கலைஞர்: சார், நீங்கள் இரண்டு பேரும் பேசுவதைப் படித்தேன். ஒன்று சொல்ல வேண்டும். வேஷம் வரும்போது முன்னால் துணித் திரை பிடிப்பது எதிர்பார்ப்பைக் கூட்டத்தான் என்று நீங்கள் ஒரு கூட்டத்தில் பேசினீர்கள். அது மட்டும் இல்லை. திரைக்குப் பின்னால் பாடும்போதுதான் ஆர்மோனியத்துக்குக் குரல் சேருகிறதா, பின்பாட்டுக்காரர் எப்படி எடுக்கிறார் என்று பார்த்துக்கொள்வோம். மரக்கட்டை அணிகள் கட்டி முகத்தில் அரிதாரம் பூசி வந்தவனுக்கு அந்த நேரம்தான் மூச்சு.

திருத்திக்கொள்கிறேன் அண்ணா. இத்தனை வருடமாக எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவனுக்கு இது தெரியாமல் போயிற்று. மாணவர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மேடையில் நடக்கும் ஒன்றுக்கு ஆடுபவர் பக்கத்துக் காரணமும் உண்டு, பார்ப்பவர் பக்கத்துப் பலனும் உண்டு. இரண்டும் உண்மை.

அந்தத் திரையை வைத்து மொழியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். துரியோதனன் வருகிறான் என்று துரியோதனனே பாடுகிறான். தன்னைப் படர்க்கையில் சொல்கிறான். வேஷக்காரர் இன்னும் முழுதாக அவனாகவில்லை. திரை விலகிய பிறகு கட்டியக்காரன், அதாவது கூத்தில் வேஷங்களை அறிவித்து வேடிக்கையாகப் பேசுபவன், 'நீ யார்?' என்று கேட்க, 'நான்' என்று சொல்லும்போதுதான் ஆகிறார். படர்க்கையிலிருந்து தன்மைக்கு மாறும் அந்த ஒரு இடத்தை வைத்தே நான்கு பக்கம் எழுதலாம்.

ஓசூர், தனியார் நிறுவன ஊழியர்: எங்கள் பக்கம் கட்டியக்காரன் பேச்சில் தெலுங்கும் கன்னடமும் கலந்து வரும். இது உத்தியா, வெறும் பழக்கமா?

பழக்கத்தை எடுத்து உத்தியாக ஆக்குகிறார்கள். ராஜா வேஷம் விருத்தப் பாட்டும் இலக்கணத் தமிழுமாகப் பேசும். கட்டியக்காரன் தெருப் பேச்சில் பதில் சொல்வான். உயரமும் தாழ்வும் மொழியிலேயே தெரிகிறது. ஓசூர்ச் சந்தையில் என்ன பேசுகிறோமோ அதையே அவன் அஸ்தினாபுரத்து வாசலில் நின்று பேசும்போது, அரசன் நம் ஊருக்கு வந்துவிடுகிறான். அவனைக் கேலி செய்யும் உரிமையும் நமக்கு வந்துவிடுகிறது. கட்டியக்காரனை வெறும் 'நகைச்சுவைப் பாத்திரம்' என்று எழுதாதீர்கள். அறிவிப்பவன், கேள்வி கேட்பவன், காவலன், ஊரின் வாய் எல்லாம் அவன்தான்.

காவேரிப்பட்டணம், மாணவர்: எத்தனை உத்தி எழுதினால் முழு மதிப்பெண் வரும்?

இரண்டை ஆழமாக எழுது.

பாப்பிரெட்டிப்பட்டி, மாணவி: நாடக முரணுக்கு ஒரு வரையறை தர முடியுமா அய்யா?

மேலே தருமபுரி மாணவருக்குச் சொன்னதைப் படிக்கவும்.

பர்கூர், ஆசிரியப் பயிற்சி மாணவர்: விளக்கு, திரை, மேடை அமைப்பு இவை எல்லாம் இலக்கிய ஆய்வில் வருமா?

கட்டாயம் வரும். சிலப்பதிகார அரங்கேற்று காதையைப் படியுங்கள். 24 விரல் கொண்டது ஒரு கோல். அந்தக் கோலால் அரங்கு 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று திரை. தூணின் நிழல் விழாதபடி விளக்கு. நிழல் எங்கே விழக் கூடாது என்று யோசித்திருக்கிறார்கள் என்றால் முகம் தெரிய வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். முகம் தெரிந்தால் சொல்லைக் குறைக்கலாம். நாடகப் பிரதியில் பேச்சு சட்டென்று நிற்கும் இடத்தில், அங்கே உடம்பு என்ன செய்கிறது என்று கேளுங்கள்.

தருமபுரி, மாணவர்: நாடக முரணும் அங்கதமும் ஒன்றா? தனிமொழிக்கு வரையறை என்ன? உவமைக்கு எத்தனை மதிப்பெண்?

அங்கதம் பழிப்பது, நாடக முரண் யாரையும் பழிக்க வேண்டியதில்லை. மற்ற இரண்டுக்கும் அரூர் மாணவிக்கு எழுதிய பதில்தான். மூன்றாம் முறையாகச் சொல்கிறேன்: பெயரோடு நிற்காதீர்கள்.

கிருஷ்ணகிரி, வாசகர்: ஒரு திரைப்படத்தின் வசன உத்திகளை விளக்குவீர்களா?

சினிமாவில் கேமரா எங்கே பார்க்கச் சொல்கிறதோ அங்கே பார்க்கிறோம். அது வேறு படிப்பு. அதைக் கற்றவரிடம் கேளுங்கள்.

மொரப்பூர், ஒரு தாய்: பையன் ஒன்பதாவது படிக்கிறான். நாடகம் எழுத வேண்டும் என்கிறான். என்ன புத்தகம் வாங்கித் தரலாம்?

புத்தகம் அப்புறம் வாங்கலாம் அம்மா. பக்கத்தில் பாரதம் நடக்கும்போது துணைக்கு ஆள் சேர்த்து ஒரு ராத்திரி முழுக்க உட்கார வையுங்கள். முன்வரிசையில் வேண்டாம், மிருதங்கக்காரர் பக்கமாக. அங்கிருந்து பார்த்தால் ஆடுபவர் முகமும் தெரியும், கூட்டத்தின் முகமும் தெரியும். விடியற்காலை மூன்று மணிக்குப் பாதிக் கூட்டம் தூங்கிவிடும். அவர்களை எழுப்பக் கட்டியக்காரன் என்ன செய்கிறான் என்று பார்த்து எழுதி வரச் சொல்லுங்கள். எழுதியதை எனக்கு அனுப்புங்கள், படித்துத் திருத்தித் தருகிறேன்.