தசைப் பலவீனத்துக்கு மெக்னீசியம் தடவலாமா?

கேள்வி: எனக்கு வயது 58. ஆறு மாதங்களாக இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது. படியேறினால் தொடைகள் துவண்டுவிடுகின்றன. மெக்னீசியம் எண்ணெய் தடவினால் சரியாகும் என்கிறார் உறவினர். நெஞ்செரிச்சலுக்குப் பல ஆண்டுகளாக ஒமிப்ரசோல் எடுத்துவருகிறேன். தடவலாமா?

பதில்: தடவுங்கள், தவறில்லை. ஆனால் அதை நம்பித் தொடைகளின் துவளலைக் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

எண்ணெய் என்பது பெயரளவில்தான். மெக்னீசியம் குளோரைடு என்னும் உப்பை நீரில் மிகச் செறிவாகக் கரைத்த கரைசல் அது. விரல்களில் வழவழக்கும், உலர்ந்தபின் தோலில் வெள்ளையாகப் படியும், கீறலோ வெடிப்போ இருந்தால் சுரீரென்று எரியும். தோலின் மேலடுக்கு இத்தகைய உப்புகளை எளிதில் உள்ளே விடுவதில்லை. மயிர்க்கால்கள் வழியே சிறிதளவு நுழைவதை ஆய்வகச் சோதனைகள் காட்டியிருந்தாலும், உடலின் குறையை ஈடுசெய்யும் அளவுக்கு அது சேர்கிறது என்பதற்குத் தக்க சான்று இல்லை. தடவியபின் வலி குறைவதாகச் சிலர் சொல்வது பொய்யல்ல. தசையைப் பத்து நிமிடம் நீவிவிட்டாலே இதமாகத்தான் இருக்கும். அந்த இதத்தை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

என்னைக் கவலைப்பட வைப்பது நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்டுள்ள அந்த மாத்திரை. ஒமிப்ரசோல் வகை மருந்துகளை ஓராண்டுக்கு மேல் எடுப்பவர்களில் சிலருக்கு இரத்தத்தில் மெக்னீசியம் குறையக்கூடும் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2011இலேயே எச்சரித்தது. மெக்னீசியம் வெகுவாகக் குறைந்தால் பொட்டாசியமும் கால்சியமும் கூடவே சரியும். தசைப் பிடிப்பும் பலவீனமும் அதனால் வரலாம். எனவே இம்மூன்றையும் இரத்தத்தில் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். உடலிலுள்ள சுமார் 25 கிராம் மெக்னீசியத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இரத்தத்தில் இல்லாததால், முடிவு சரியாக இருந்தாலும் மருத்துவர் மேலும் ஆராய விரும்பலாம்.

தொடை துவள்வதற்கு வைட்டமின் டி குறைவு, தைராய்டு கோளாறு, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை ஆகியவையும் காரணமாகலாம். இவை எதையும் தேய்த்துச் சரிசெய்ய முடியாது. சிறுநீரகப் பாதிப்பு இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் மெக்னீசியம் மாத்திரை விழுங்குவது ஆபத்து. ஒரு பக்கக் கைகால் திடீரென வலுவிழந்தாலோ, பலவீனம் கால்களிலிருந்து நாளுக்கு நாள் உடலின் மேற்பகுதிக்கு ஏறினாலோ, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மருத்துவரிடம் போகுமுன், கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா என்று பார்த்துவைத்து, அதையும் அவரிடம் சொல்லுங்கள்.