சொந்த இசையா, அடுத்தவர் இசையா? டிஜே ஆக விரும்பும் மகளின் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

போன வாரம் மகளோடு வந்து பேசிவிட்டுக் கிளம்பும்போது கதவருகே நின்று ஒன்று சொன்னீர்கள். "அவள் டிஜே ஆகட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் அடுத்தவர் பாட்டைப் போட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. சொந்தமாக இசை செய்து அதை மட்டும் போடட்டும். அப்படியென்றால் எனக்குச் சம்மதம்." அதைக் கேட்டு அவள் முகம் வாடியதை நீங்களும் பார்த்தீர்கள். நின்றபடியே பதில் சொல்லிவிடக்கூடிய விஷயமாக அது எனக்குத் தோன்றவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உழைப்பும் பெயரும் அவளுக்கே சொந்தமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள். அந்த அக்கறை புரிகிறது. ஆனால் இந்த நிபந்தனை, அவள் கற்க வேண்டிய முதல் பாடத்தையே அவளிடமிருந்து பறித்துவிடும். அடுத்த இரண்டு மூன்று வருடங்களுக்கு அவள் பெரும்பாலும் அடுத்தவர் இசையைத்தான் போட வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் சாதாரணக் கணக்கு ஒன்று. இரண்டு மணி நேரம் ஒரு மேடை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு டிராக், அதாவது ஒரு தனி இசைத்துண்டு, நான்கைந்து நிமிடம் ஓடினால், இரண்டு மணி நேரத்துக்கு 25 முதல் 30 டிராக்குகள் வேண்டும். இப்போதுதான் இசை செய்யத் தொடங்கியிருக்கும் ஒருவர், வெளியில் போடத் தகுந்ததாக ஒரு வருடத்தில் ஐந்தாறு டிராக் முடித்தாலே நல்ல உழைப்பாளி. அப்படியானால் முதல் மேடைக்கு அவள் எத்தனை வருடம் காத்திருப்பாள்? காத்திருந்து சேர்த்தாலும் அவை எல்லாம் ஒரே சாயலில் இருக்கும், ஏனென்றால் தொடக்கத்தில் எல்லோருக்கும் கைவசம் இருப்பது ஒன்றிரண்டு டிரம் ஓசைகளும் ஒன்றிரண்டு பழக்கங்களும்தான். என்னிடம் வந்த ஒரு பையன் தன்னுடைய ஆறு டிராக்குகளை மட்டும் வைத்துக்கொண்டு மேடையேறினான். அரை மணி நேரத்தில் எல்லாம் தீர்ந்துவிட்டது. அதன் பிறகு முதலிலிருந்து அதே ஆறையும் திரும்பப் போட்டான். ஆட வந்தவர்கள் ஒவ்வொருவராக விலகிப் போனார்கள். திறமையில்லாத பையன் இல்லை அவன், தவறான வரிசையில் தொடங்கிவிட்டான், அவ்வளவுதான்.

அடுத்து, அடுத்தவர் பாட்டைப் போடுவதில் என்ன உழைப்பு இருக்கிறது என்ற கேள்வி. உங்கள் மனத்தில் இதுதான் ஓடுகிறது என்று நினைக்கிறேன்.

1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், சிண்டி கேம்பல் என்ற இளம்பெண் பள்ளி திறப்பதற்கு முன் புதுத் துணி வாங்கப் பணம் சேர்ப்பதற்காக, தங்கள் குடியிருப்புக் கட்டடத்தில் ஒரு விருந்து நடத்தினார். இசை போட்டவர் அவருடைய அண்ணன், கூல் ஹெர்க் என்று பெயர் பெற்றவர். பாடல் ஒதுங்கி டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் அந்தச் சில நொடிகளுக்காகத்தான் ஆடுகிறவர்கள் காத்திருக்கிறார்கள் என்பதை ஹெர்க் கவனித்திருந்தார். அதனால் ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை தட்டுகளைச் சுழற்றும் இரண்டு டர்ன்டேபிள்களில் வைத்து, அந்தச் சிறு பகுதியை மாற்றி மாற்றி ஓட்டி, நிமிடக்கணக்கில் நீட்டும் முறையைக் கொண்டுவந்தார். ஹிப் ஹாப் பிறந்த கதையை இங்கிருந்துதான் சொல்வார்கள். அந்தத் தட்டுகளில் ஒரு ஸ்வரம்கூட அவருடையது இல்லை. கூட்டத்தைக் கவனித்த கண் மட்டும் அவருடையது.

இன்றைக்கும் அப்படி இருக்கிறார்கள். பென் யூஎஃப்ஓ என்ற பிரிட்டிஷ் டிஜே தனக்கென்று டிராக் செய்து வெளியிடுவதில்லை. 2007-இல் இரண்டு நண்பர்களோடு ஹெசில் ஆடியோ என்ற இசை வெளியீட்டு நிறுவனத்தைத் தொடங்கினார், வானொலி நிகழ்ச்சி நடத்தினார். இன்ன இசைக்கு அடுத்து இன்ன இசை என்று தேர்ந்தெடுக்கும் திறமை ஒன்றுக்காகவே உலகம் முழுக்க அவரை அழைக்கிறார்கள். எல்லோருக்கும் அது வாய்க்காது என்பது உண்மை. ஆனால் தேர்ந்தெடுப்பதே ஒரு முழு வேலை என்பதற்கு அவர் சாட்சி.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்றும் கொஞ்சம் சொல்கிறேன், வீட்டில் அவள் ஹெட்போனோடு உட்கார்ந்திருக்கும்போது உங்களுக்கு உதவும். ஒரு மணி நேரம் போடுவதற்காகப் பல மணி நேரம் கேட்க வேண்டியிருக்கும். நூறு டிராக் கேட்டால் நான்கைந்து தேறும். தேறியதை மனப்பாடம் போல அறிந்திருக்க வேண்டும்: எத்தனையாவது பீட்டில் (தாள அடியில்) பேஸ் என்ற கீழ்த்தள ஓசை நுழைகிறது, எங்கே குரல் வருகிறது, எங்கே எல்லாம் அடங்கி மறுபடி எழுகிறது. நடன இசை பெரும்பாலும் 16, 32 பீட் கொண்ட கட்டங்களாக நகரும். அடுத்த டிராக்கை அந்தக் கட்டத்தின் தொடக்கத்தில் சரியாக நுழைத்தால் கேட்பவருக்கு மூட்டே தெரியாது. நாலு பீட் தள்ளி நுழைத்தால், காரணம் சொல்லத் தெரியாதவருக்கும் ஏதோ இடறும். இரண்டு டிராக்குகளின் வேகத்தை ஒன்றாக்குவதை இன்று கருவியே செய்துவிடுகிறது. ஆனால் பதினொரு மணிக்கு எது போட வேண்டும், அதையே ஒரு மணிக்கு ஏன் போடக் கூடாது என்பதை எந்தக் கருவியும் சொல்லித்தராது. விதவிதமான இசையை விதவிதமான மனிதர்கள் முன் போட்டுப் போட்டுத்தான் அது வரும். தன் டிராக்கை மட்டும் போடுகிறவருக்குக் கூட்டம் எதைக் கேட்டாலும் கொடுக்க அந்த ஆறுதான் இருக்கும்.

சரி, அப்படியானால் சொந்த இசை வேண்டாமா? வேண்டும். கட்டாயம் வேண்டும். அது எங்கிருந்து வர வேண்டும் என்பதில்தான் எனக்கு உங்களோடு கருத்து வேறுபாடு.

ஜமைக்காவில் 1950-களில் சவுண்ட் சிஸ்டம், அதாவது தெருவில் ஆட்டத்துக்கு இசை போடும் பெரிய ஸ்பீக்கர் அமைப்பு, வைத்திருந்தவர்கள் அமெரிக்க ரிதம் அண்ட் ப்ளூஸ் தட்டுகளைத்தான் தெருவில் போட்டார்கள். தன்னிடம் இருப்பது என்ன தட்டு என்று போட்டியாளருக்குத் தெரியக் கூடாது என்று தட்டில் ஒட்டியிருக்கும் பெயர்ச்சீட்டைச் சுரண்டி எடுப்பார்களாம், அவ்வளவு போட்டி. பத்தாண்டின் இறுதியில் அமெரிக்க இசையின் போக்கு மாறி, ஜமைக்கக் கூட்டத்துக்குப் பிடித்த வகைத் தட்டுகள் வருவது குறைந்தது. அப்போதுதான் காக்ஸன் டாட், டியூக் ரீட் போன்ற சவுண்ட் சிஸ்டக்காரர்கள் உள்ளூர்க் கலைஞர்களை வைத்துத் தாங்களே பதிவு செய்யத் தொடங்கினார்கள். ஸ்கா வந்தது, அப்புறம் ரெகே வந்தது. அந்தக் கூட்டம் எதற்கு ஆடும் என்று பல வருடம் அடுத்தவர் தட்டுகளைப் போட்டு அவர்கள் அறிந்திருந்தார்கள். தங்கள் பெட்டியில் இல்லாமல் போன ஒன்றைத்தான் செய்தார்கள்.

உங்கள் மகளுக்கு நான் சொல்லப்போவதும் இதுதான். சில மாதம் தொடர்ந்து போட்டுப் பழகினால் அவளுக்கே ஒரு குறை தட்டுப்படும். இந்த டிராக்கிலிருந்து அந்த டிராக்குக்குப் போக நடுவில் ஒன்று வேண்டும், தேடினால் கிடைக்கவில்லை என்று தோன்றும். அன்றைக்கு உட்கார்ந்து அதைச் செய்யட்டும். அது அவளுடைய முதல் உண்மையான டிராக்காக இருக்கும். அதற்கு முன் கற்றுக்கொள்வதற்காக எத்தனை வேண்டுமானாலும் செய்யலாம், அவையெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் இருக்கட்டும்.

செய்த டிராக்கை அடுத்தவரின் இரண்டு நல்ல டிராக்குகளுக்கு நடுவே வைத்துப் போட்டுப் பார்ப்பதைவிடப் பெரிய பரிசோதனை கிடையாது. வீட்டு ஹெட்போனில் கனமாக ஒலித்த பேஸ், பெரிய ஸ்பீக்கரில் வெறும் இரைச்சலாகக் குழம்பும். முந்தைய டிராக்கோடு பக்கத்தில் வைக்கும்போது டிரம்ஸ் மெலிந்து தெரியும். குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து திருத்தி, அடுத்த வாரம் மறுபடி போட வேண்டும். முழுக்கத் தன் இசையாகவே போட்டால் ஒப்பிட எதுவும் இருக்காது, குறையும் தெரியாது.

இன்னொன்றையும் யோசியுங்கள். இசை செய்கிறவருக்கும் அதைப் போட இன்னொரு டிஜே வேண்டும். 1980-களில் சிகாகோவில் ஃபியூச்சர் என்ற மூவர் குழு, ரோலண்ட் டிபி-303 என்ற பேஸ் கருவியை முறுக்கி, அதுவரை யாரும் கேட்டிராத ஓசையோடு ஒரு டிராக் செய்து மியூசிக் பாக்ஸ் கிளப்பின் டிஜே ரான் ஹார்டியிடம் டேப்பாகக் கொடுத்தது. முதல் தடவை போட்டபோது ஆடுகளம் காலியாகிவிட்டது. அவர் விடவில்லை, அதே இரவில் திரும்பத் திரும்பப் போட்டார். நான்காவது தடவை கூட்டம் வெறிகொண்டு ஆடியதாகக் குழுவைச் சேர்ந்த டிஜே பியர் சொல்லியிருக்கிறார். ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை வகையே அங்கிருந்து கிளம்பியது. அடுத்தவர் இசைக்காக இப்படிப் பிடிவாதமாக நின்ற ஒரு டிஜேவைக் கையாலாகாதவர் என்று என்னால் நினைக்க முடியவில்லை. உங்கள் மகள் அப்படி ஒருவராக இருந்தால், அவளுடைய டிராக்கையும் நாலு பேர் போடுவார்கள். இந்தத் துறையில் வாய்ப்பு பெரும்பாலும் அப்படித்தான் சுற்றி வருகிறது.

முழுக்கச் சொந்த இசையே போடுகிறவர்களும் இருக்கிறார்கள். ரிக்கார்டோ வில்லலோபோஸ் என்ற டிஜே 2007-இல் லண்டனின் ஃபேப்ரிக் கிளப் வெளியிட்ட மிக்ஸ் (டிராக்குகளைக் கோத்த தொகுப்பு) வரிசைக்காகச் செய்த 36-ஆவது மிக்ஸ் முழுவதும் அவரும் அவரோடு சேர்ந்து உழைத்தவர்களும் செய்த இசைதான். அதற்கு முன் பத்து வருடத்துக்கும் மேலாக அவர் அடுத்தவர் தட்டுகளைப் போட்டுப் பழகியவர். வேறு சிலர் கருவிகளை மேடைக்கே கொண்டுவந்து வாசிப்பார்கள். அதற்கு லைவ் செட் என்று பெயர், ஒத்திகையும் தயாரிப்பும் வேறு. உங்கள் மகள் பின்னால் அந்தப் பக்கம் போகலாம், இப்போதே தீர்மானிக்க வேண்டியதில்லை.

உங்கள் நிபந்தனையில் எனக்கு உண்மையாகவே பயம் தரும் இடம் ஒன்று உண்டு. சொந்த டிராக் இருந்தால்தான் மதிப்பு என்ற நெருக்கடி இந்தத் துறையில் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குப் பணிந்து, பணம் கொடுத்து வேறொருவரைச் செய்யவைத்துத் தன் பெயரில் வெளியிடும் டிஜேக்கள் உண்டு. வீட்டிலும் அதே நெருக்கடி சேர்ந்தால் ஒரு இளம்பெண் என்ன செய்வாள்? அடுத்தவர் டிராக்கை அவர் பெயரைச் சொல்லிப் போடுவது நேர்மையான வேலை. வாங்கிய டிராக்கைத் தன்னுடையது என்பது அப்படி இல்லை. இதை நீங்களே அவளிடம் ஒரு தடவை சொன்னால் நான் நூறு தடவை சொன்னதற்குச் சமம்.

வருமானத்தைப் பற்றிச் சுருக்கமாக. விழா, திருமணம், நிறுவன நிகழ்ச்சிகளில் போடுகிறவருக்கு ஓரளவு நிலையான வேலை உண்டு, அங்கே எல்லோருக்கும் தெரிந்த பாட்டுகளைத்தான் கேட்பார்கள். கிளப் பக்கம் போனால் வெளியான டிராக்குகள் இருப்பவரை அழைப்பவர்கள் அதிகம், அதை மறைக்க மாட்டேன். டிஜேவுக்குக் கிடைப்பது அந்த இரவுக்கான கூலி. இசையமைத்தவருக்கான உரிமைத்தொகை, உரிமச் சங்கங்கள் வழியாகப் பெரும்பாலும் நிகழ்ச்சி நடக்கும் இடத்திலிருந்து போகிறது. அதனால் அவள் தன் டிராக்குகளை முறைப்படி பதிவு செய்து, போட்டவற்றின் பட்டியலையும் எழுதி வைக்கும் பழக்கத்தை இப்போதே தொடங்கட்டும். போடும் இசையை விலைக்கு வாங்கட்டும். அடுத்தவர் பாட்டை வெட்டி ஒட்டி மேடையில் போட்டுப் பார்ப்பது ஒன்று, அதையே தன் வெளியீடாக விற்பது வேறு. இரண்டாவதற்கு இசையமைத்தவர், பதிவின் உரிமையாளர் இருவரிடமும் அனுமதி வேண்டும். படிப்பை விட வேண்டாம். ஒலிப்பொறியியல் படிப்பு கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் எடுத்த படிப்பை முடிக்கட்டும். இந்த வேலை வார இறுதி இரவுகளில் வளரக்கூடியது.

நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றை நான் சேர்க்கிறேன்: காது. 85 டெசிபெல் ஒலியில் எட்டு மணி நேரம் வரை இருக்கலாம், மூன்று டெசிபெல் கூடக்கூட அந்த நேரம் பாதியாகக் குறையும் என்பது அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் அளவுகோல். அதன்படி 100 டெசிபெல் என்றால் 15 நிமிடம்தான். கிளப்புகளில் அந்த அளவு சர்வசாதாரணம். இசைக்கலைஞர்களுக்கென்று செய்யப்படும் காதடைப்பான்கள் ஓசையைக் குலைக்காமல் அளவை மட்டும் குறைக்கும். அவளுக்கு முதலில் வாங்கித்தர வேண்டிய கருவி அதுதான், டிராக்குகளைப் போட்டுக் கலக்கும் கன்ட்ரோலர் அடுத்தது.

அடுத்த முறை வரும்போது ஒரு மணி நேரப் பதிவு ஒன்றை அவள் கொண்டுவரட்டும். பதினைந்து டிராக் போதும், அதில் ஒன்றே ஒன்று அவளுடையதாக இருக்கட்டும், எது என்று உங்களிடம் சொல்ல வேண்டாம். வீட்டில் நீங்கள் தனியாக உட்கார்ந்து முழுக்கக் கேளுங்கள். எங்கெல்லாம் உங்கள் கால் தானாகத் தாளம் போட்டதோ, எங்கெல்லாம் கவனம் சிதறியதோ, அந்த நிமிடங்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு மூவரும் பேசுவோம்.